ராத்தாவின் இத்தாவும் இலந்தை இலையும்

போத்தல்களை அப்புறப்படுத்தியது நான்தான். என் மூத்த சகோதரி ராத்தாவின் குளியலறையில், கண்ணாடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் அவை தோளோடு தோள் இடித்து நின்றன: தலையில் ஊற்றிக் கழுவுகிறவை, கழுவியபின் பூசி ஊறவைக்கிறவை, ஊறிக் காய்ந்தபின் துளித்துளியாக உள்ளங்கையில் விட்டுத் தடவுகிறவை. பாதாம்பருப்புப் படம் போட்டது ஒன்று, தேன் வழியும் படம் போட்டது ஒன்று, ஒட்டகப் பாலில் செய்ததாம் என்று ராத்தாவின் மூத்த மகன் கட்டாரிலிருந்து அனுப்பிய நீளக் கழுத்துப் போத்தல் ஒன்று. ராத்தாவின் கணவரை, எங்கள் மச்சானை, அடக்கிவிட்டு ஆண்கள் மையவாடியிலிருந்து திரும்பி முற்றத்துக் கதிரைகளில் பேச்சற்றுக் கிடந்த பின்னேர அஸர் நேரம் அது. நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு மூடியாகத் திறந்து முகர்ந்தேன். வாசம் இல்லாதது ஒன்றாவது அகப்படாதா என்று. மல்லிகை, வனிலா, ஊது, பெயர் தெரியாத ஏதோ ஒரு பழம். எல்லாம் மணத்தன. எல்லாவற்றையும் மீன் வாளிக்குள் போட்டு, அதே வளவுக்குள் அடுத்ததாக இருக்கும் என் வீட்டுக்குத் தூக்கிப் போனேன்.

கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வீட்டோடு இருக்க வேண்டும். நகை இல்லை, வாசனை இல்லை, கண்ணுக்குச் சுறுமா இல்லை, தலைக்கு எண்ணெய் இல்லை. நகையையும் சுறுமாவையும் ராத்தா எப்போதும் பெரிதாக மதித்தவள் அல்லள். வீட்டோடு இருப்பதும் அவளுக்குப் பழக்கம்தான். ஓரிடத்தில் கால் தரிக்காதவள் நான். அந்தக் கடைசி விலக்குத்தான் எங்களைப் பயமுறுத்தியது. எண்ணெய் இல்லாமல் ராத்தாவின் தலை என்ன ஆகும்?

எங்கள் இருவருக்கும் உம்மா வழி முடி. ஒற்றை இழையாக எடுத்தால் விரலுக்கு அகப்படாது; மொத்தமாகப் பிடித்தால் கைக்குள் இருப்பது முடியா காற்றா என்று சந்தேகம் வரும். மெல்லியது, வறண்டது, அடங்காதது. சீப்பைக் கிட்டக் கொண்டுபோனால் முடி எழும்பி சீப்பைத் தேடி வரும். முக்காட்டைக் கழற்றினால் முக்காட்டோடு போகப் பார்க்கும். “என்ட புள்ளைகள்ற தலையில முடியா இரிக்கி? புகைதானே இரிக்கி” என்பாள் உம்மா. என் பங்குப் புகையை நான் பள்ளிக்கூடக் காலத்திலேயே கழுத்தோடு வெட்டிவிட்டு நிம்மதியானேன். ராத்தா வளர்த்தாள். இடுப்பு வரைக்கும் வளர்த்தாள். இடுப்பு வரை நீண்ட புகை.

அவளுடைய கல்யாணத்தன்று சவுரி வைத்துப் பின்னினார்கள். பின்னிய பெண் கெட்டிக்காரிதான். ஆனால் கட்டியது ராத்தாவின் முடியில். பெண்கள் குரவையிட்டுக்கொண்டிருக்க, மாப்பிள்ளை தாலி கட்டக் குனிந்த நேரம், சவுரி மெதுவாக வழுக்கி அவர் மடியில் விழுந்தது. குரவை பாதியில் நின்றது. மருதமுனையிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் உம்மா, ராத்தாவுக்கு மாமி, அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, “பொண்ணுப் பாக்க வரக்குள்ள இது பொண்ணுட தலையில இருந்த. இப்ப என்ட மகன்ட மடியில இரிக்கி” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். ராத்தா சிரிக்கவில்லை. அதன் பிறகு வெகுகாலம் மாமிக்கு அவள் ‘சவுரிக்காரி’. “சவுரிக்காரி சோறாக்கிட்டாளா?” “சவுரிக்காரிக்கிட்டக் கேளுங்க.”

ஆனால் ஒரு அதிசயம் நடந்தது. கல்யாணமாகிச் சில பெருநாள்கள் போனபின், ராத்தாவின் முடி அடங்கத் தொடங்கியது. கடற்கரை வீதியில் நடந்து வந்து முக்காட்டை எடுத்தாலும் ஒரு இழை நெற்றியில் பறக்காது. முதுகில் ஒரு கயிறுபோல இறங்கி, இறுகி, பளபளவென்று கிடக்கும். பிள்ளைகள் வளர்ந்து வெளிநாடு போய்ப் போத்தல்கள் வரத் தொடங்கியதும் ஊர் தீர்மானித்துவிட்டது, காரணம் போத்தல்கள்தான் என்று. மாமியும் தீர்மானித்துவிட்டார். சவுரிக்காரி என்ற பெயர் போய்ப் ‘போத்தல் முடிக்காரி’ வந்தது. நானும் நம்பினேன். ஒட்டகப் பாலையும் தேனையும் பாதாமையும் எனக்கும் அனுப்பச் சொல்லி ராத்தாவின் மகனைத் தொல்லைப்படுத்தினேன். அதே போத்தல், அதே அளவு, அதே கிணறு. என் தலையில் புகை புகையாகவே இருந்தது. “நீ ஒழுங்காத் தேய்க்கல்ல” என்பாள் ராத்தா. சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பாள்.

மச்சான் மௌத்தானது கச்சான் காற்று வீசும் மாதங்களில். வயல் பக்கமிருந்து கடலை நோக்கிச் சூடாக அடிக்கிற காற்று; உதட்டைப் பிளக்கும், வாழை இலையைக் கிழிக்கும், கொடியில் போட்ட சேலையைச் சட்டென்று உலர்த்தி விறைப்பாக்கும். அவர் மாரடைப்பில் போனார், கரையில் வள்ளத்தை இழுத்துவிட்டு மணலில் உட்கார்ந்தபடி. குரல் பெரிய மனிதர். வீட்டுக்குள் வந்தால் யன்னல் கண்ணாடி அதிரும். அந்தக் குரல் போன வீட்டில் காற்று மட்டும் கதைத்துக்கொண்டிருந்தது. ராத்தா வெள்ளைச் சேலையால் தலையைச் சுற்றிக்கொண்டு, தொழுகைப் பாயிலும் கட்டிலிலுமாக இருந்தாள். நான் நாளுக்கு நாலு தரம் போய்ப் போய் வந்தேன். சோறு கொடுத்தேன், கதை கொடுத்தேன். தலையை மட்டும் காட்டமாட்டாள்.

ஒரு நாள் தொழுகைக்காகக் கைகால் கழுவி வுழூச் செய்யும்போது சேலை நழுவியது. கண்டுவிட்டேன். பிடரியில் ஒரு முடிச்சு, கையளவு. கரை ஒதுங்கிக் காய்ந்த வலைத்துண்டு போல. அதைச் சுற்றிலும் அறுந்த இழைகள், கச்சானுக்கு எழும்பி, விளக்கு வெளிச்சத்தில் செம்பட்டையாய்.

“யா அல்லாஹ், என்ன ராத்தா இது? வாரல்லயா?”

“வாரினா அறுகுது. உடு.”

“நான் வாரி உடுறன், இரு.”

“தொடாதகா!” அவள் கத்தினாள். ராத்தா என்மேல் கத்தியதை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. பிறகு சேலையை இழுத்து மூடிக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னாள்: “இத்தா முடியிற அண்டைக்கு ஒரு கத்தரிக்கோலக் கொண்டா. ஒட்ட வெட்டிருவம். இனி என்னத்துக்கு இது?”

நான் வாதாடினேன். இடுப்பு முடி, இத்தனை வருசம் வளர்த்தது, வெட்டினால் வருமா என்றெல்லாம். “தலை என்ட” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். வீட்டுக்கு வந்தும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. துக்கத்தில் இருக்கிற பெண் ஒரு முடிவெடுக்கலாம்; நான் குறுக்கே நிற்க முடியாது. ஆனால் அந்த முடிச்சு அவளுக்காக முடிவெடுக்கக் கூடாது என்று பட்டது. வெட்டுவதென்றால் நல்ல முடியை வெட்டட்டும். வேண்டாம் என்று சொல்லி வெட்டட்டும். சிக்கு விழுந்து, வேறு வழியில்லாமல், ஒரு தோல்வியைப் போல வெட்டக் கூடாது.

ஊர் மத்ரஸாவில் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் மௌலவியாவுக்குப் போன் எடுத்தேன்.

“எண்ணெய் வேணாம்” என்றார். “வாரலாம். கழுவலாம். இலந்தை இலை போட்டுக் கழுவுங்களன், அதுல குத்தமில்ல.”

“இலந்தையா? அது மௌத்தாக்களுக்குத்தானே?”

“அப்பிடி ஆரு செல்லின? உசிரோட இரிக்கிற தலைக்கும் அதுதான். நம்மட ஆக்கள் அத மையத்துக்கெண்டு ஒதுக்கி வெச்சிட்டாங்க. நல்லாக் கசக்கினா நுரைக்கும். வாசமுமில்ல.”

எங்கள் ஊரில் இலந்தை இலையை யாரும் சும்மா ஒடிப்பதில்லை. ஜனாஸாவை, இறந்தவரின் உடலை, குளிப்பாட்டும் தண்ணீரில் போடத்தான் ஒடிப்பார்கள். அதனாலேயோ என்னவோ, வீடுகளில் மரத்தை வைத்திருப்பதில்லை. எனக்குத் தெரிந்து மிஞ்சியிருந்த நல்ல மரம் மையவாடி மதிலுக்குள் நின்று, பாதிக் கொப்பை வீதிக்கு நீட்டிக்கொண்டிருந்தது. நான் பையோடு போய், மதிலோரம் எட்டி எட்டி ஒடித்தேன். முள் கீறியது. எதிர்வீட்டு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த பெண் விளக்குமாறை நிறுத்தினாள்.

“ஆருகா மௌத்து?”

“ஆருமில்ல!” என்றேன், கொப்பை விடாமல். “ராத்தாவுக்கு...” தலை கழுவ என்றுதான் சொன்னேன். மிச்சத்தைக் கச்சான் கொண்டுபோய்விட்டது. அவள் விளக்குமாறைப் போட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்ததை நான் கடைக்கண்ணால் கண்டேன். முள் குத்திய எனக்காக இரங்குகிறாள் என்று நினைத்தேன். நின்று விளங்கப்படுத்தியிருக்கலாம். நிற்கிற கால் எனக்கு எங்கே?

ராத்தாவைச் சம்மதிக்க வைத்தது பெரிய பாடு. என் கை படாது, நீயே தேய், நான் தண்ணீர் மட்டும் ஊற்றுகிறேன் என்று சத்தியம் செய்தபின் கிணற்றடிக்கு வந்தாள். இலையை அம்மியில் அரைத்து, வாளித் தண்ணீரில் கரைத்து, துணியில் வடித்தேன். மௌலவியா சொன்னது சரி. நுரைத்தது. கடல் நுரை போல் ஆர்ப்பாட்டமில்லாத, இளம்பச்சையான, வழவழப்பான நுரை. போத்தல் நுரை முடியைக் கிறீச்சிட வைக்கும். இது ஒரு சொல்லும் சொல்லாமல் இழைகளுக்கு இடையில் இறங்கியது. ராத்தா கண்ணை மூடிக்கொண்டு அதை முடிச்சுக்குள் அமுக்கினாள். முதல் தடவையாக அந்த முடிச்சின் ஓரம் இளகியது.

அப்போதுதான் வாசலில் ஓட்டோ ஒன்று கிறீச்சென்று நின்றது. அதற்குப் பின்னால் ஒரு அழுகை, வீட்டைச் சுற்றிக்கொண்டு, எங்களை நோக்கி ஓடி வந்தது.

“என்ட மகனும் போய், இப்ப நீயும் போயிட்டியா புள்ளே! உன்னச் சவுரிக்காரி எண்டு செல்லின இந்த வாய...”

மாமி. மருதமுனையிலிருந்து. சேலை கலைந்து, செருப்பு ஒற்றைக் காலில். கிணற்றடிக்கு வந்தவர், வாளி நிறைய இலந்தைத் தண்ணீரையும், குந்துக் கல்லில் தலை முழுக்கப் பச்சை நுரையோடு உட்கார்ந்திருக்கும் மருமகளையும் கண்டு அப்படியே உறைந்து நின்றார்.

ராத்தா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். “ஆரு மாமி மௌத்து?”

“நீதான்!” என்றார் மாமி.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். யார் முதலில் சிரித்தது என்று இப்போது சொல்ல முடியாது. மாமி கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து, நெஞ்சை அமுக்கிக்கொண்டு, சிரித்தபடியே என்னைத் திட்டினார். “எரும! இலந்தைய ஒடிச்சிக்கிட்டு ராத்தாவுக்கு எண்டு செல்லுவியா? மருதமுன வரைக்கும் கத போயிட்டு! பள்ளியில மையத்துத் தூக்கச் சந்தூக்கு எடுக்கவா எண்டு கேட்டு ஆள் நிக்கிது!” உண்மையாகவே வாசலில் ஆள் நின்றது. என் கணவர்தான் போய், அப்படி ஒன்றுமில்லை, தலை முழுகுகிறார்கள் என்று வெட்கத்தோடு சொல்லி அனுப்பிவைத்தார்.

“வந்த நான் இனிப் போகேலா” என்றார் மாமி, முகத்தைத் துடைத்துக்கொண்டு. “நெஞ்சு இன்னம் படபடக்கிது.” போகவில்லை. மகன் போனபின் அந்த வீட்டுக்கு வர அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டிருந்தது என்று நினைக்கிறேன். கிடைத்த காரணத்தை விட்டுவிடாமல், இத்தா முடிகிறவரை ராத்தாவின் அறையிலேயே இன்னொரு கட்டிலைப் போட்டுக்கொண்டார்.

முடிச்சு ஒரே கழுவலில் அவிழவில்லை. இலந்தைத் தண்ணீர் வழுக்கலோடு இருக்கும்போதே, சீப்பை விட்டு விரலால், நுனியிலிருந்து மேலே மேலே போக வேண்டும் என்பதை நாங்கள் பிழைவிட்டுப் பிழைவிட்டுக் கண்டுபிடித்தோம். மேலிருந்து இழுத்தால் முடிச்சு இறுகும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சவர், உப்புக் கரிக்கும். அதில் அலசினால் காயும்போது முடி முறுகியது. கடைசி அலசலைப் பைப் தண்ணீருக்கு மாற்றினோம், முறுகல் நின்றது. துவாயால் தேய்த்தால் சிலும்பியது. மச்சானின் பழைய பருத்திச் சாரன் ஒன்றை ராத்தா அலுமாரியிலிருந்து எடுத்து வந்து, தேய்க்காமல், சுற்றி ஒற்றி எடுத்தாள். அதற்குச் சிலும்பவில்லை. இரண்டு கழுவலுக்கு நடுவில் ஒரு வாரமாவது விட வேண்டும் என்பதும் தெரிந்தது. அடிக்கடி கழுவினால் இலந்தைகூட வறட்டியது. இப்படியாக ஒரு பிடி முடியைப் பலி கொடுத்து, மிச்சத்தை மீட்டோம். மாமி கட்டிலில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்ப்பார். “போத்தலெல்லாம் எங்க போன?” என்று இடையிடையே குத்துவார். ஆனால் குத்தலில் முன்னைய முனை இல்லை.

சிக்கு எடுத்த முடியைக் கட்டிவைக்காவிட்டால் விடிவதற்குள் மறுபடியும் சிக்கு. அதற்குள் ராத்தா என் கையை ஓரளவுக்கு அனுமதித்திருந்தாள். நான் மூன்று புரி எடுத்துப் பின்னினேன். முடித்துக் கையை எடுத்ததும் பின்னல் தானாகவே வழுக்கி அவிழ்ந்தது. மறுபடி பின்னினேன், மறுபடி அவிழ்ந்தது. கல்யாணச் சவுரி ஞாபகம் வந்து சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

“மூணு வேணாம்” என்றாள் ராத்தா, மிக மெல்ல, எனக்கு மட்டும் கேட்கும்படி. “ரெண்டாப் பிரி. முறுக்கிச் சுத்து.”

இரண்டாகப் பிரித்தேன். முறுக்கினேன். சுற்றினேன். அவிழ்ந்தது.

“ரெண்டையும் ஒரு பக்கமா முறுக்கிட்டு, சுத்தக்குள்ள மறு பக்கமாச் சுத்துகா!” மாமியின் குரல் கட்டிலிலிருந்து வந்தது. “அப்பதான் ஒண்ட ஒண்டு புடிக்கும். குஞ்சம் முறுக்கத் தெரியாதா உனக்கு?”

சொன்னவரின் கையில் தஸ்பீஹ் நின்றது. மருதமுனைத் தறிகளில் சால்வை இறங்கியதும், ஓரத்தில் தொங்கும் நூல்களை இரண்டிரண்டாக முறுக்கிக் குஞ்சம் கட்டுவார்கள். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் கதைத்துக்கொண்டே செய்கிற வேலை. சாய்ந்தமருதில் நாங்கள் அதைச் செய்வதில்லை. எங்களுக்கு வலை தெரியும், வள்ளம் தெரியும். மாமி எழுந்து வந்தார்.

“இது குஞ்ச முறுக்கெல்லோ? உனக்கு ஆரு காட்டின?”

ராத்தாவின் காது சிவந்ததைப் பின்னாலிருந்து நான் கண்டேன்.

“உங்கட மகன்தான் மாமி.”

“ஆரு?”

“அவருதான் முறுக்கி உடுவாரு. ஒவ்வொரு நாளும். கடலுக்குப் போக முந்தி. கதவச் சாத்திட்டுத்தான். ஆரும் கண்டா வெக்கமாம்.”

எனக்குப் புரிய ஒரு கணம் எடுத்தது. ஒட்டகப் பாலும் தேனும் பாதாமும் அல்ல. யன்னலை அதிரவைக்கிற குரல்காரர், கயிறு இழுத்துக் காய்த்த கையோடு, சாத்திய கதவுக்குப் பின்னால், அந்தப் புகையை இழை இழையாக எடுத்து முறுக்கியிருக்கிறார். பிள்ளைகளுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டில் இருந்த எனக்குத் தெரியாது.

மாமி வாயைத் திறந்தார். மூடினார். பிறகு வெடித்தார். “கள்ளன்! என்ட வீட்டுல இரிக்கக்குள்ள, ரெண்டு சால்வயக் குடுத்து குஞ்சம் முறுக்கித் தா மனே எண்டா, பொம்புள வேல எண்டு எறிஞ்சுபோட்டு ஓடுவான். அதுக்குப் பயந்துதானே கடலுக்கே போன! எனக்கு ஒரு கோப்பத் தேத்தண்ணி ஊத்தித் தந்தவனா அவன்? இஞ்ச வந்து... கள்ளன், கள்ளன்!” கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

“நீயே படிச்சிருக்கலாமே புள்ள? ஏன் படிக்கல்ல?”

“கேட்டன் மாமி. நீ படிச்சிட்டா எனக்கென்ன வேல எண்டாரு.”

கச்சான் யன்னல் சேலையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. ராத்தா திரும்பாமலே சொன்னாள்: “அதுதான் மாமி வெட்டப் போறன். இதுக்குள்ள வேற கை போறது எனக்கு ஏலாம இரிக்கி.”

என் கையை அவள் தலையிலிருந்து எடுத்துக்கொண்டேன். முறுக்கை முடிக்க நீண்ட மாமியின் கையும் பாதியில் நின்றது. அன்றிலிருந்து கழுவலுக்குத் தண்ணீர் ஊற்றுவதோடு நான் நின்றேன். சிக்கு எடுத்து, அந்த இரண்டு புரியை முன்பக்கமாகத் தோளில் போட்டுக் குளறுபடியாக முறுக்கிக்கொண்டது ராத்தாவே. மாமி ஒரு நாளும் தொடவில்லை. ஆனால் ராத்தா முறுக்கத் தொடங்கினால் தஸ்பீஹை வைத்துவிட்டு, அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார், அதில் யாரையோ தேடுகிறவரைப் போல.

இப்போதெல்லாம் மெல்லிய முடிக்காரிகள் ராத்தாவிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். காதுக்கு மேலே பறக்கும் முடியோடு என் மகள்மார், அவர்களின் கூட்டாளிமார். ராத்தா சோறு வடித்துக்கொண்டே சொல்வாள். இலந்தை இலை கிடைத்தால் கிழமைக்கு ஒரு தரம். மையவாடி மரத்தில் ஒடித்தால், ஒடிக்க முன்பே நாலு பேருக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டு ஒடி. கடைசித் தண்ணீர் பைப் தண்ணீர். துவாய் தொடாதே, பழைய சாரன் எடு. ஈரம் முழுக்கக் காய முன் தேங்காய் எண்ணெய், இரண்டு துளி, உள்ளங்கையில் தேய்த்து, நுனிக்கு மட்டும். உச்சிக்கு வைத்தால் இரண்டு நாளில் பிசுக்கு. சீப்பு அகலப் பல் சீப்பு. வெடித்த நுனியை வைத்து அழாதே, வெட்டு. “அவ்வளவுதானா பெரியம்மா?” என்று கேட்டால், “ஓம், அவ்வளவுதான்” என்பாள். பிள்ளைகள் போனில் குறித்துக்கொண்டு போகிறார்கள். ஒரு மத்தியானத்தை மட்டும் அவள் யாருக்கும் சொல்வதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

இத்தா முடிந்த நாள். ராத்தா குளித்து, தொழுது, கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். நெடுநாளைக்குப் பிறகு முக்காடில்லாமல். கச்சான் அடங்கி, கடல் பக்கமிருந்து ஈரக் காற்று வரத் தொடங்கியிருந்தது. முடி காய்ந்து, முதுகு நிறைய, சிக்கில்லாமல் கிடந்தது. இனி எண்ணெய் வைக்கலாம். இனி வெட்டலாம். அவள் கேட்டபடி நான் கத்தரிக்கோலைக் கொண்டு வந்திருந்தேன். சேலைத் தலைப்புக்குள் மறைத்து, கொடுக்க மனமில்லாமல்.

“வெட்டுறெண்டா வெட்டு புள்ள” என்றார் மாமி. “உன்ட தலை. நான் ஒண்டும் செல்லமாட்டன். அதுக்கு முந்தி ஒருக்கா என்ட தலைய முறுக்கி உடு. அவன் எப்பிடிப் புடிச்சானோ, அப்பிடி.”

அவர் முக்காட்டை எடுத்தார். அவருடைய முடியை நான் அன்றுதான் கண்டேன். வெள்ளை, ராத்தாவுடையதைவிட மெல்லியது, உச்சித்தோல் தெரிகிற அளவுக்குக் குறைந்தது. முக்காட்டை எடுத்ததும் அது அப்படியே எழும்பி நின்றது. சவுரிக்காரி என்று கேலி செய்தவரின் தலை.

ராத்தா தயங்கினாள். “எனக்குத் தெரியாதே மாமி. அவரு என்ட முதுகுக்குப் பின்னாலதானே இருந்தாரு. கையக் கண்டதில்லயே.”

“உன்ட தலைக்குத் தெரியும்தானே” என்றார் மாமி, தரையில் அவளுக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு.

ராத்தா இரண்டு கையையும் மாமியின் தலையில் வைத்தாள். வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு கட்டைவிரலால் நடு உச்சியைத் தேடினாள். கண்டபின் அங்கே ஒரு சின்ன அமுக்கு. காதின் பின்பக்கமாகச் சுண்டுவிரலால் ஒரு வாரல். முன்பு தன் தோளில் போட்டு முறுக்கியபோது அவளுடைய விரல்களில் இதெல்லாம் இருந்ததில்லை. இவ்வளவு வருசமாகத் தலையில் உணர்ந்ததை, அந்த மத்தியானம் அவளுடைய கைகள் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தன. இரண்டு புரி. இரண்டும் வலப்பக்கம். சுற்றும்போது இடப்பக்கம். ஒன்றை ஒன்று பிடித்தது.

“இவ்வளவு மெல்லவா?” என்றார் மாமி, கண் திறவாமல்.

“ஓம் மாமி.”

“கயிறு இழுத்த கைதானே. சுரண்டாதா?”

“சுரண்டும். கொஞ்சம்.”

மாமியின் உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதென்று பட்டது. முறுக்கு நுனிக்கு வந்துவிட்டது. சுண்டுவிரல் பருமன்கூட இல்லை, வெள்ளையாய், இறுக்கமாய், சால்வைக் குஞ்சம் போலவே. நுனியை இரண்டு விரலால் பிடித்தபடி ராத்தா மற்றக் கையை என் பக்கம் நீட்டினாள்.

“கத்தரிக்கோலத் தாகா.”

கொடுத்தேன். அவள் கட்டிலில் கழற்றிப் போட்டிருந்த இத்தா வெள்ளைச் சேலையை மடியில் இழுத்து, அதன் ஓரத்தில் ஒரு நூல் நீளத்துக்கு வெட்டி, பல்லால் பிடித்து, மாமியின் முறுக்கு நுனியில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினாள். பிறகு கத்தரிக்கோலை என்னிடமே திருப்பித் தந்தாள்.